ஒன்பது நிமிஷம்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலில் தவிர அதை யாரும் எங்கேயும் பயன்படுத்தவில்லை. போர் தொடங்கியபின் ஊர் அவளுக்கு வைத்த பேர் சங்கக்கா. குடிநீர் வாரிய அலுவலகத்து மொட்டை மாடியில் இருந்த அபாயச் சங்கை முழக்குவது அவள் வேலை. அதனால் வந்த பேர் அது. அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அதே கட்டிடத்தின் தரைத்தளத்தில் உட்கார்ந்து, "எங்க தெருவுக்குத் தண்ணி வரலை" என்று போனில் கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். யார் எவ்வளவு கத்தினாலும் அவள் குரல் ஏறாது. சங்குக்கு ஆள் தேடியபோது, "இந்தம்மாவுக்குப் பதற்றமே வராது சார்" என்று பொறியாளர் அவளைத்தான் காட்டினார். பதற்றம் வராமல் இல்லை. வந்தால் அவளுக்கு அது முழங்காலில் இறங்கும். முகத்தில் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். தெருவைப் பார்த்த ஜன்னல், இரும்பு மேஜை, சுவர்க் கடிகாரம், ஒரு பதிவேடு, ஒரு கறுப்பு டெலிபோன். அந்த டெலிபோனில் அவளால் யாரையும் கூப்பிட முடியாது. மாகாணத்து வான்காவல் நிலையத்திலிருந்து அவளுக்குக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் தகரப் பெட்டிக்குள் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். மேலே மோட்டார் முதலில் தொண்டையைச் செருமும். முழுக் குரல் எடுக்கப் பன்னிரண்டு வினாடி ஆகும்.

முதல் வருஷம் அந்தச் சங்கால் ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்லை. ஏவுகணை மலையைத் தாண்டினபிறகுதான் நம் ரேடாருக்கே தெரியும். அந்தத் தகவல் தலைநகருக்குப் போய், அங்கிருந்து நிலையத்துக்கு வந்து, நிலையத்தார் அவளைக் கூப்பிடுவதற்குள் காரியம் முடிந்துவிடும். காய்கறிச் சந்தையில் பத்தொன்பது பேர் செத்த அன்றைக்கு, ஜன்னல் கண்ணாடி உடைந்து, புழுதி மேலே எழும்பி, அதற்குப் பிறகுதான் மணி அடித்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அப்போதும் பொத்தானை அழுத்தினாள்.

"குண்டு விழுந்தாச்சுன்னு எங்களுக்கே தெரியும் அண்ணி," என்றாள் அவள் நாத்தனார் அன்று சாயங்காலம். "நீங்க வேற எதுக்கு ஊதிச் சொல்றீங்க? சங்கு ஊதறதுன்னா ஊர்ல என்ன அர்த்தம்னு தெரியும்ல?"

நாத்தனார் அப்படித்தான். எந்த இடத்திலும் வாய் நிற்காது. அவள் புருஷன் எப்போதோ வேறு ஊருக்குப் போய் வேறு குடும்பமாகிவிட்டான். ஒரே மகன் பீரங்கிப் படையில், ஆற்றங்கரை முனையில் இருந்தான். அவள் அண்ணன் வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்துகொண்டு, இரண்டு தெரு தள்ளி இருந்த தையல் கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். மூடிப்போன ஒரு கடைக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் எழுபது மெஷின் போட்டு அங்கே ராணுவச் சட்டை தைத்தார்கள். சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது இவள் பொறுப்பு. "ராணுவத்து மேலேயே கை வைக்கிறவ நான், என்கிட்ட ஜாக்கிரதையா இருங்க" என்று பஸ் கண்டக்டரிடம்கூடச் சொல்வாள். சங்கக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதென்றால் அது நாத்தனாரால்தான்.

இரண்டாம் வருஷம் வெளிநாட்டு உதவி வந்தது. கப்பல் கப்பலாகப் பீரங்கிகள் இறங்கின. பேப்பரில் படம் போட்டார்கள். ஆனால் இந்த ஊரை மாற்றிய உதவி கப்பலில் வரவில்லை. அந்த நாட்டின் செயற்கைக்கோள்கள் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன. எதிரி ஏவுகணையைக் கொளுத்தின மாத்திரத்தில் அவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை நம்மோடு பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் ஆகியிருந்தது. இதெல்லாம் சங்கக்காவுக்குப் பிறகுதான் விளங்கியது. ஒப்பந்தத்துக்குப் பிறகு முதல் தடவை மணி அடித்தபோது, அந்தப் பக்கம் எப்போதும் பேசுகிற ஆள்தான் பேசினான். பேர் சொல்ல அவனுக்கு அனுமதி கிடையாது. "நாலாம் நம்பர்" என்பான்.

"அக்கா, ஒன்பது நிமிஷம் இருக்கு. முழக்குங்க."

"எதுக்கு ஒன்பது நிமிஷம்?"

"விழறதுக்கு."

அழுத்தினாள். ஜனங்கள் ஓடினார்கள். தெரு காலியாயிற்று. ஆறு நிமிஷமாயிற்று, ஏழாயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. ஒருத்தர் இரண்டு பேர் வெளியே வந்து அவள் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டித் திட்டினார்கள். ஒன்பதாவது நிமிஷம் முடியும் தறுவாயில் சந்தையின் நடுவில் விழுந்தது. நாலு தள்ளுவண்டி போயிற்று. ஒரு உயிர்கூடப் போகவில்லை. சங்கக்கா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

அதிலிருந்து அடுத்த பதினான்கு மாதத்தில் முப்பத்தாறு தடவை முழக்கினாள். செத்தவர்கள் மொத்தம் பதினோரு பேர். அதிலும் பாதிப் பேர் சொன்ன பேச்சுக் கேட்காமல் வீட்டிலேயே படுத்திருந்தவர்கள். ஊருக்கு ஒன்பது நிமிஷம் பழகிவிட்டது. டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்து, பாலை மூடி, கல்லாவைப் பூட்டிக்கொண்டு நிதானமாக நடப்பார். தையல் கூடத்துப் பெண்கள் கையில் இருக்கிற தையலை முடித்து, மெஷினை நிறுத்தி, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பேசிக்கொண்டே மூன்று மாடி இறங்கிக் கீழ்த்தளத்து வண்டிக் கொட்டகைக்குப் போவார்கள். "ஒன்பது நிமிஷத்துல தாராளமா ஒரு கை வெச்சுட்டு இறங்கலாம்" என்பாள் நாத்தனார்.

போர்முனையிலும் அந்த வருஷம் நல்ல வருஷம். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த பாலத்து ஊரை நம் படை மீட்டது. நாத்தனார் மகன், எங்கள் பீரங்கிக்காரன், போனில் உற்சாகமாகப் பேசினான். "எங்க அடிக்கணும்னு நம்பர் வருது மாமா. அங்கே இருந்தே பார்த்துக் குடுக்குறாங்க. போட்டா அதே இடத்துல விழுது!"

சங்கக்காவின் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். எந்தச் சந்தோஷத்திலும் ஒரு கழன்ற நட்டைத் தேடுகிற மனிதர். போனை வைத்ததும் ஆரம்பித்தார்.

"வண்டியும் இரவல், டீசலும் இரவல். குடுத்தவன் சாவியைத் திருப்பிக் கேட்டான்னா நடுரோட்டுல இறங்கி நிக்கணும்."

"நீ இறங்கி நில்லு," என்றாள் தங்கை. "என் புள்ள இன்னிக்கு உயிரோட பேசினான்ல? அதுக்கு என்ன சொல்றே?"

"இன்னிக்குப் பேசினான். நான் இல்லைன்னு சொல்லலையே. ஜெயிக்கிற அளவுக்குக் குடுப்பாங்களான்னு கேக்கறேன். தோக்காம இருக்கிற அளவுக்குத்தான் குடுக்கறாங்க."

"தோக்காம இருந்தா போதும் எனக்கு."

சங்கக்கா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். இருவர் சொல்வதும் சரி என்றே அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் வருஷம் அந்த நாட்டில் ஆட்சி மாறியது. வந்தவர்கள், குடுத்ததெல்லாம் போதாதா, நமக்கு இதில் என்ன லாபம் என்று கேட்டார்கள். முதலில் கப்பல்கள் தாமதமாயின. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை கறுப்பு டெலிபோன் அடித்தது. சங்கக்கா கையைப் பொத்தானில் வைத்துக்கொண்டே எடுத்தாள்.

"முழக்க வேணாம் அக்கா," என்றான் நாலாம் நம்பர். குரல் இறங்கியிருந்தது. "மேல கண்ணை மூடிட்டாங்க."

"என்னப்பா சொல்றே?"

"அங்கிருந்து இனிமே தகவல் வராது. நிறுத்திட்டாங்க. பேச்சுவார்த்தையில நம்ம ஆளுங்க வழிக்கு வரணுமாம். இனி நம்ம ரேடார்தான், இப்ப தலைநகர் சுத்தாம நேரா எங்களுக்கே வருது. உங்களுக்கு ஒன்றரை நிமிஷம் கிடைக்கும். அதுவும் நிச்சயமில்லை."

"எத்தனை நாளைக்கு?"

அவன் பதில் சொல்வதற்குள் வேறொரு ஆள் போனை வாங்கினார். அதிகாரி. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். ஊர் பயந்து காலி செய்ய ஆரம்பித்துவிடும், எதிரிக்கும் தெரிந்துவிடும், சில நாளில் எல்லாம் சரியாகிவிடும். "வீட்ல கூட மூச்சு விடக் கூடாது. புரியுதாம்மா?"

"சரிங்க," என்றாள் சங்கக்கா. இருபத்திரண்டு வருஷம் சரிங்க என்று சொல்லிப் பழகிய வாய்.

அன்று சாயங்காலம் நாத்தனார் கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சங்கக்கா போய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தா பாரு, நாளையிலேருந்து சங்கு கேட்டா, கையில இருக்கறதை அப்படியே போட்டுட்டு ஓடு."

"ஏன் அண்ணி?"

"மூணு மாடி இறங்கணும்ல. முட்டி வலிச்சா நேரமாகும்."

"முட்டி வலி உங்களுக்கு. எனக்கில்லை." நாத்தனார் சிரித்தாள். "ஒன்பது நிமிஷம் இருக்கு. எதுக்கு விழுந்தடிச்சு ஓடணும்?"

நாக்கு நுனிவரை வந்தது. சங்கக்கா அதை மென்று விழுங்கினாள். ஈரப் புடவையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டு நின்றாள்.

மறுநாள் வேறு வழி பார்த்தாள். மதிய இடைவேளையில் தையல் கூடத்துக்குப் போய் மேற்பார்வையாளரிடம், மெஷின்களைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடியாதா என்று கேட்டாள். "அங்க வெளிச்சம் ஏது? ஊசியில நூலே கோக்க முடியாதும்மா," என்றார் அவர். "எங்களுக்கு இறங்க ஆறு நிமிஷம். உங்க சங்கு ஒன்பது நிமிஷம் குடுக்குது. அப்புறம் என்ன?" அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் திரும்பி வந்தாள்.

வாரம் ஓடிற்று. தாக்குதல் இல்லை. ஒருவேளை அதிகாரி சொன்னதுபோல எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பத் தொடங்கினாள்.

பத்தாம் நாள், வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால். மணி அடித்தது. "முழக்குங்க அக்கா, முழக்குங்க!" நாலாம் நம்பர் நிமிஷம் எதுவும் சொல்லவில்லை. அழுத்தினாள். மோட்டார் தொண்டையைச் செருமியது; அந்தப் பன்னிரண்டு வினாடியில் அவள் ஜன்னலுக்கு வந்திருந்தாள். ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்தார். பாலை மூடினார். கல்லாவைப் பூட்டச் சாவியைத் தேடினார்.

"ஓடுய்யா!" என்று கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் குரல் ஏறியது. அவளுடைய சங்கே அதை அமுக்கிவிட்டது.

எண்பது வினாடி. இரண்டு தெரு தள்ளி, தையல் கூடத்தின் கூரை உட்கார்ந்ததை அவள் தன் கண்ணால் பார்த்தாள்.

அங்கிருந்து நகர முடியாது. இன்னொன்று வரலாம்; வந்தால் முழக்க ஆள் வேண்டும். பிற்பகல் இரண்டே முக்கால் வரை அந்த நாற்காலியில் இருந்தாள். மணி இன்னும் இரண்டு தடவை அடித்தது. இரண்டு தடவையும் அழுத்தினாள். அவை ஊருக்கு வெளியே வயலில் விழுந்தன. பதிவேட்டில் நேரத்தைக் குறித்தாள். எழுத்து கோணவில்லை. அதை நினைத்துப் பிற்பாடு பலநாள் தன்னையே வெறுத்தாள்.

புருஷன் வந்து வாசலில் நின்றார். டிப்போ பஸ் ஒன்றில் அடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கும் கூடத்துக்குமாக ஏழு நடை போய்வந்திருந்தார். முடியெல்லாம் சுண்ணாம்பு.

"என்னங்க?"

"படிக்கட்டுல இருந்தா," என்றார். "எல்லாருமே படிக்கட்டுலதான் இருந்தாங்க."

முப்பத்து மூன்று பேர். தப்பியவர்களில் ஒருத்தி பித்தான் தைக்கிற பெண். பயந்தாங்கொள்ளி என்று கூடமே கேலி செய்யும். சங்கு செருமும்போதே எழுந்து ஓடிவிடுகிறவள். அடக்கத்தன்று அவள் சங்கக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "நான் கூப்பிட்டேன்கா. 'நீ போ, இந்தக் கையை முடிச்சுட்டு வரேன்'னு சொன்னாங்க."

பீரங்கிக்காரனுக்கு இரண்டு நாள் விடுப்பு கொடுத்திருந்தார்கள். அவன் வந்து சேரும்போது மண் மூடியாகிவிட்டது. அன்று சாயங்காலம் சமையலறை மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு நேரம் இருந்துச்சு அத்தை?"

"எண்பது செகண்டு."

"எப்பவும் ஒன்பது நிமிஷம்னு அம்மா சொல்லுவா." அவன் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு தலை நிமிராமல் கேட்டான். "உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?"

எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அதிகாரிமேல் போடலாம், அந்த நாட்டின்மேல் போடலாம், இரண்டுமே பொய்யில்லை.

"தெரியும்," என்றாள். "ஒன்பது நாளா தெரியும். சொல்லக் கூடாதுன்னாங்க. நான் சொல்லலை."

புருஷனுக்கு அது அப்போதுதான் தெரிந்தது. அவர் எழுந்தார். நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளி வைத்தார். வெளியே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார். அறைந்து சாத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

பீரங்கிக்காரன் டம்ளரைத் தள்ளி வைத்தான். பிறகு, "எனக்கும் தெரியும் அத்தை," என்றான். "அதே செவ்வாய்க்கிழமை எங்களுக்கும் நம்பர் நின்னுபோச்சு. எங்க அடிக்கிறோம்னு தெரியாம குத்துமதிப்பா அடிச்சுக்கிட்டு இருந்தோம். அப்புறம் அதுக்கும் குண்டு இல்லை. ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட பேசினேன். எப்படிடா இருக்கேன்னா. ஜோரா போய்க்கிட்டு இருக்கும்மான்னேன். பயப்படுவாளேன்னு." அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முதல் ஆளா ஓடியிருப்பா. என் அம்மா ஓடற ஓட்டம் உங்களுக்குத் தெரியாது."

அவன் போன மறுநாள் சங்கக்கா வழக்கத்தைவிட முன்னதாகவே அலுவலகம் போனாள். வாசல் கேட்டில் ஒரு கரும்பலகை தொங்கும். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று தினமும் எழுதுவார்கள். அவள் சாக்கட்டியை எடுத்து, தண்ணீர் நேரத்துக்குக் கீழே எழுதினாள்: "சங்கு கேட்டபின் உங்களுக்கு இருக்கும் நேரம் ஒன்றரை நிமிஷம்."

எட்டு மணிக்குள் கேட்டில் கூட்டம் கூடிவிட்டது. குடத்தோடு வந்தவர்கள் குடத்தை வைத்துவிட்டுப் படித்தார்கள். எப்போதிலிருந்து என்று யாரோ கேட்டார்கள். அதையும் மறைக்காமல் சொன்னாள். மகளைப் படிக்கட்டில் பறிகொடுத்த ஒரு தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் கன்னத்தில் அறைந்தாள். "ஒன்பது நாளா வாயை மூடிக்கிட்டு இருந்தியாடி, பாவி!" சங்கக்கா தடுக்கவில்லை. இரண்டாவது அறைக்கும் நின்றாள். பித்தான் தைக்கிற பெண்தான் அந்த அம்மாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

பத்து மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்தார்.

"யாரு எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க."

"எதிரி படிச்சா என்ன ஆகும், யோசிச்சுப் பார்த்தியா?"

"எதிரிக்குத் தெரிஞ்சுதாங்க வியாழக்கிழமை போட்டான். உதவி குடுக்கற நாட்டுப் பேப்பர்லேயே வந்துடுச்சாம். தெரியாம இருந்தது எங்க ஊருக்கு மட்டும்தான்."

அவர் கைக்குட்டையால் பலகையைத் துடைத்தார். ஜீப் திருப்பம் தாண்டியதும் அவள் மறுபடி எழுதினாள். அன்று சாயங்காலமே வேலை நீக்க உத்தரவு வந்தது. சிறையில் போடுவோம் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. அவள் இடத்தில் உட்கார வைத்த எழுத்தர் ஐந்து நாள் தாங்கினார். ஆறாம் நாள், மணி அடித்தால் பொத்தான் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை என்று சாவியை ஒப்படைத்துவிட்டார். வேறு யாரும் முன்வரவில்லை. பொறியாளர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார். "பலகையில நான் எழுதுவேன் சார்," என்றாள். "நான் அந்தப் பக்கம் பார்க்கலை," என்றார் அவர்.

நாற்காலியில் போய் உட்கார்ந்த அன்றே நாலாம் நம்பர் கூப்பிட்டான். "வந்துட்டீங்களா அக்கா?" என்றான். அவள் பதிவேட்டில் அன்றைய தேதியைப் போட்டாள்.

மேலே மூடிய கண் இருபத்தாறாம் நாள் திறந்தது. பேச்சுவார்த்தையில் நம்மவர்கள் எதையோ விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்களாம். கப்பல்களும் மறுபடி வந்தன. ஆனால் அதற்குள் பாலத்து ஊர் கைவிட்டுப் போயிருந்தது. மீட்க ஒரு வருஷம் ஆன ஊர் பத்தொன்பது நாளில் போயிற்று. "எட்டு, ஒன்பது நிமிஷம் இருக்கும் அக்கா, பழையபடி," என்றான் நாலாம் நம்பர். அவள் பலகையில் அதை எழுதினாள். ஆனால் பழையபடி யாரும் நடக்கவில்லை. எத்தனை நிமிஷம் எழுதியிருந்தாலும் ஊர் விழுந்தடித்துக்கொண்டுதான் ஓடியது. நெரிசலில் ஒரு கிழவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது.

இரண்டரை மாதம் புருஷன் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைப்பார், அவள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வந்து மேஜைமேல் வைப்பார். பேச்சு மட்டும் கிடையாது. ஒருநாள் தங்கையின் அறையைக் கூட்டிக்கொண்டிருந்தவர், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்றார். அவள் "ஆமாங்க," என்றாள். பிறகு பேச ஆரம்பித்தார்: பஸ்ஸைப் பற்றி, மழையைப் பற்றி. அந்த அறையைப் பற்றி மட்டும் இன்றுவரை இல்லை.

அடுத்த வருஷம் உதவி செய்கிற நாட்டிலிருந்து நாலு பேர் கொண்ட குழு ஒன்று ஊரைப் பார்க்க வந்தது. தகரப் பெட்டியையும் பொத்தானையும் படம் எடுத்தார்கள். அவர்களில் ஒரு பெண்மணி, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் முகத்தோடு ஏதோ கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "அவங்க உதவியால போர்ல ஏதாவது மாறிச்சான்னு கேக்கறாங்க."

சங்கக்கா யோசித்தாள். சந்தையில் அந்த நாலு தள்ளுவண்டியோடு போயிருக்கக்கூடிய ஜனங்கள் இன்று காலையும் காய் வாங்கிக்கொண்டு போனதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தாள்.

"மாறிச்சு. நிறையப் பேர் பொழைச்சாங்க, இல்லைன்னு சொன்னா என் வாய் வெந்துடும். நிறுத்தினப்பவும் மாறிச்சு. ஒன்பது நிமிஷத்தை நாங்க எங்களோடதுன்னு நெனச்சுட்டோம். அது உங்களோடது. அடுத்த தடவை நிறுத்தறதா இருந்தா முதல்ல எனக்குச் சொல்லச் சொல்லுங்க. நான் வாசல்ல எழுதிடறேன்."

மொழிபெயர்ப்பாளர் சிறிது தயங்கி, நாலைந்து வார்த்தையில் முடித்துக்கொண்டார். அந்தப் பெண்மணி புன்னகையோடு கை குலுக்கினாள். அவள் கை சூடாக இருந்தது.

போர் ஐந்தாம் வருஷத்தில் இருக்கிறது. முனை அதே ஆற்றங்கரையில், கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியுமாக நிற்கிறது. பீரங்கிக்காரனுக்கு ஒரு காது கேட்காது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமன் வீட்டுக்கு போன் செய்கிறான். சங்கக்கா எடுத்தால் நலம் விசாரிப்பதில்லை. "இந்த வாரம் குண்டு இருக்கு அத்தை," என்பான். அல்லது, "இந்த வாரம் இல்லை." அவளும் தன் பங்குக்கு அன்றைய நிமிஷத்தைச் சொல்லிவிட்டு, போனைப் புருஷனிடம் கொடுக்கிறாள்.